பச்சைக் கேப்சூல் புற்றுசெல்லைக் கொல்லுமா?

மும்பை மாட்டுங்கா பக்கத்து மருந்துக்கடைகளில் நம்மவர்கள் அந்தப் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூலை முடிக்கும் முகத்துக்கும்தான் வாங்குவார்கள். பரேல் டாடா மருத்துவமனைக்கு ஊரிலிருந்து சொந்தக்காரரை அழைத்து வருபவர்கள், "இது கேன்சர் செல்லைக் கொல்லுமாமே?" என்றும் விசாரிப்பதுண்டு. கேள்வியில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

1922-ல் கண்டறியப்பட்ட வைட்டமின் ஈ ஒரே பொருள் அல்ல. டோகோஃபெரால் நான்கு, டோகோட்ரையீனால் நான்கு என எட்டு வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, நீண்ட வால். தலையிலுள்ள ஹைட்ராக்ஸில் என்ற ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் முனைதான், கண்டதையும் தாக்கும் துடிப்பான மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கி, செல் சவ்வின் கொழுப்பைக் காக்கிறது.

அந்த ஹைட்ராக்ஸிலில் சக்சினிக் அமிலத்தைக் கோத்துவிட்டால் கிடைப்பது டோகோஃபெரில் சக்சினேட். காக்கும் முனை அடைபட்டுப் போவதால் குணமே தலைகீழாகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் வரிசையாகக் கைமாறுகின்றன. தாராவிக் குழாயடியில் குடத்தைக் கைமாற்றும் வரிசையில், வாங்காத ஆள் ஒருவர் நடுவே நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் சிந்தும். சக்சினேட் செய்வது அதுதான். எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் யுபிகுவினோன் என்ற மூலக்கூறு வந்து அதை வாங்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. சிந்திய எலக்ட்ரான் ஆக்ஸிஜனில் ஏறி சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் ஆகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை விழுந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியேறுகிறது. அது கேஸ்பேஸ் என்ற நொதிகளை எழுப்ப, அவை செல்லின் புரதங்களை வெட்டித் தள்ளுகின்றன. செல் சுருங்கிச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிய, வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். இந்தத் திட்டமிட்ட சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர்.

நல்ல செல்கள் ஏன் பெரும்பாலும் தப்புகின்றன? அவற்றிலுள்ள எஸ்டரேஸ் நொதிகள் சக்சினேட்டைக் கழற்றிவிடும். மிஞ்சுவது சாதாரண வைட்டமின் ஈ. பல புற்றுசெல்களில் இந்த நொதி குறைவு. ஆனால் இதே வசதிதான் வாய்வழி மருந்துக்கு வினை. விழுங்கினால் குடலிலேயே அந்த வேலை முடிந்துவிடும். எலிகளில் பலன் கிடைத்தது பெரும்பாலும் வயிற்றறைக்குள் ஊசி போட்டபோதுதான். குடலில் உடையாத ஈதர் பிணைப்புள்ள வடிவத்தையும் அப்புறம் உருவாக்கினார்கள்.

சரி, கடைக் கேப்சூல்? அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொதுவாக டோகோஃபெரில் அசிடேட் என்றிருக்கும். சக்சினேட்டே இல்லை. தவிட்டெண்ணெயிலுள்ள டோகோட்ரையீனால்கள் ஆய்வகத் தட்டில் புற்றுசெல்லைக் கொல்வது உண்மைதான். ஆனால் கல்லீரல் ஆல்ஃபா டோகோஃபெராலைத்தான் தேர்ந்தெடுத்து ரத்தத்துக்கு அனுப்பும். மற்றவற்றில் பெரும்பகுதி கழிந்துபோகும்.

மனிதர்களில் என்ன நடந்தது? செலக்ட் என்ற ஆய்வில் 35,533 ஆண்கள் சேர்ந்தார்கள். தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை, 17% கூடியிருந்தது என 2011-ல் தெரிந்தது. எனக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை. கொழுப்பு ஆக்ஸிஜனேற்றத்தால் செல் மடியும் ஃபெரோப்டோசிஸ் என்ற இன்னொரு வழி உண்டு. சாதாரண வைட்டமின் ஈ அந்த வழியை அடைத்து, புற்றுசெல்லுக்கும் காவல் நிற்கக்கூடியது.

ரேடியேஷன் பெருமளவு வேலை செய்வதே ஃப்ரீ ராடிக்கல்களை வைத்துத்தான். ஆகவே சிகிச்சை நடக்கும்போது இந்தக் கேப்சூலைச் சொந்தமாகப் போடுபவர் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.