"நிமிர்ந்து உட்கார்" என்று சொன்னால் போதுமா?

கழுத்துவலி என்று தன் பதினோரு வயது மகனை ஓர் அம்மா அழைத்து வந்திருந்தார். "நிமிர்ந்து உட்காருன்னு நாளைக்கு நூறு தடவை சொல்றேன் சார், கேட்டாத்தானே!" அவர் சொல்லி முடிப்பதற்குள் பையன் விறைப்பாக நிமிர்ந்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பழையபடி சரிந்துவிட்டான்.

மேசையில் இருந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்து, கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்க ஆரம்பித்தது. முழங்கை மெல்ல மடங்கியது. "மடக்காதீங்கம்மா" என்றேன். பையன் சிரித்துவிட்டான்.

அரை கிலோ ஒரு கனமே இல்லை. ஆனால் அசையாமல் பிடித்திருக்கும்போது தசை இறுகியே இருப்பதால் அதற்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. கடுப்பு அங்கேதான் தொடங்குகிறது. நம் தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. போனைப் பார்க்கக் குனிந்தால் அந்த எடையைப் பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கூன் போட்டாலும் சரி, கம்பு மாதிரி நிமிர்ந்தாலும் சரி, அப்படியே உறைந்து போனால் வலிக்கத்தான் செய்யும். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளுக்கும் அசைவு வேண்டும். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் அநேகமாகக் கிடையாது. சுற்றிலும் இருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சத்து. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால் அந்த வேலை நன்றாக நடக்கும்.

அதனால் நான் பையனுக்கு உட்காரும் முறையைச் சொல்லித் தரவில்லை. இடம் மாறச் சொன்னேன். ஒரு பாடம் மேசையில், அடுத்தது தரையில் குப்புறப் படுத்து, வாய்ப்பாடு ஒப்பிப்பது நடந்துகொண்டே. மேசையில் உட்காரும்போது கால் தொங்கினால் கீழே ஒரு பலகை. அவ்வளவுதான். குழந்தைகளுக்கு நெளிவது இயல்பு. ஆடாமல் உட்கார் என்று அதட்டி அதை நாம்தான் கெடுக்கிறோம்.

பெரியவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும். அலாரம் வைத்தால் இரண்டாம் நாளே அதை அணைத்துவிடுவீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். போன் வந்தால் எழுந்து நடப்பது, தண்ணீரைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது போன்றவைதான் நிலைக்கின்றன. லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த நாற்காலி வாங்கலாமா என்று கேட்பார்கள். சுகமான நாற்காலியில் எழவே மனம் வராது, அதுதான் சிக்கல்.

ஒரே ஒரு பயிற்சி கேட்டால் இதைச் சொல்வேன். நாற்காலியின் நுனிக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, கையை ஊன்றாமல் எழுங்கள். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல், மூன்று எண்ணி இறங்குங்கள். பத்து முறை. மூச்சை அடக்க வேண்டாம். அப்புறம் தோள்களைப் பின்பக்கமாகச் சில சுற்று.

இது இடைவேளைக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பும், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும் தேவை. பிள்ளைகளுக்கு அது ஓடி விளையாடினாலே வந்துவிடும்.

எல்லா வலியும் உட்காருவதால் வருவதில்லை. ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, கை கால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, குழந்தைக்கு வாரக்கணக்கில் விடாத முதுகுவலி என்று ஏதாவது இருந்தால் பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.