லைன்-அப் என்றால் வரிசையா?

'குழுவின் வரிசை பலமுறை மாறியது.' மேற்கத்திய ராக் குழுக்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் இந்த வாக்கியம் எங்காவது வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'லைன்-அப்' என்று இருப்பதைத்தான் இப்படி ஆக்குகிறார்கள். அண்டர்ஓத் என்ற அமெரிக்க ராக் குழு பற்றிய ஒரு கட்டுரையில் அண்மையில் மறுபடி பார்த்தேன், அதற்கு மேல் பொறுக்கவில்லை. என்ன வரிசை அது? மேடையில் நிற்கிற வரிசையா? விஷயம் தெரியாதவர் ஆல்பத்தில் பாட்டுகளை முன்னே பின்னே மாற்றிப் போட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். லைன் என்பது லத்தீன் 'லினியா', ஆளிச்செடி நாரில் திரித்த நூல். ஆட்களை ஒரு கோட்டில் நிறுத்துவது லைன்-அப். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விளையாட்டு ஆட்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் இசைக்குழுவுக்கும் வந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குள் யாரும் கோட்டில் நிற்பதில்லை. 'இந்தக் குழுவில் இப்போது யார் யார், யாருக்கு என்ன வேலை', அவ்வளவுதான் பொருள்.

வரிசை என்றால் தமிழில் முன்பின் உண்டு. பேட்டிங் வரிசை என்பது சரி, ஏனென்றால் மூன்றாவதாக இறங்குபவர் ஐந்தாவதாக இறங்கினால் ஆட்டமே மாறும். சங்கீதத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை இருக்கின்றன, அங்கே ஸ்வரங்களின் ஒழுங்குதான் பாடமே. கல்யாணத்தில் சீர்வரிசை கூட இருக்கிறது. இத்தனை வேலை பார்க்கிற சொல்லின் தலையில் டிரம்மர் விலகிய சங்கதியையும் ஏற்றினால் அது எப்படித் தாங்கும்?

அண்டர்ஓத்தையே எடுத்துக்கொள்வோம். 1997ல் ஃபுளோரிடாவின் ஒகாலாவில் தொடங்கிய குழு. 2003ல் பாடகர் டல்லாஸ் டெய்லர் வெளியேறினார், ஸ்பென்சர் சேம்பர்லின் வந்தார், 2004ல் வந்த ஆல்பத்தில் குழுவின் சத்தமே வேறு. 2006ல் அடுத்த ஆல்பம் பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. 2010ல் ஏரன் கில்லெஸ்பி போனார். டிரம்ஸ் அடித்துக்கொண்டே மெட்டோடு பாடுகிறவர் அவர், அலறல் சேம்பர்லினுடையது. ஒருவர் போனதில் இரண்டு இடம் காலி. டிரம்ஸுக்கு நார்மா ஜீன் குழுவில் இருந்த டேனியல் டேவிசன் வந்தார், பாட்டு முழுவதும் சேம்பர்லின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு வந்த ஆல்பத்தில் தொடக்கத்தில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை! பெயர் மட்டும் அதே பெயர். இதையெல்லாம் 'வரிசை மாறியது' என்று சொன்னால் வாசகருக்கு என்ன புரியும்?

தனித்தமிழ் அன்பர்கள் 'அணி' என்கிறார்கள். போலீசில் அடையாள அணிவகுப்பு இருக்கிறதே, அதுவும் லைன்-அப்தானே என்று கேட்கிறார்கள். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் அணி என்றால் முழு டீம். 'அணி மாறினார்' என்றால் ஒருவர் இந்தக் குழுவை விட்டு வேறு குழுவுக்குப் போனார், அல்லது கட்சிக்குள் எதிர்க்கோஷ்டியில் சேர்ந்தார் என்றுதான் காதில் விழும். 'ஆளமைப்பு' என்று ஒன்றையும் பார்த்தேன். ஏதோ அரசாணையில் வரவேண்டிய சொல், அதை ஒரு ரசிகன் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். சினிமாக்காரர்களின் 'கூட்டணி' இதைவிடப் பரவாயில்லை, இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் சேர்ந்தால் கூட்டணி என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் ஆறு பேரில் ஒருவர் மாறினால் கூட்டணி உடைந்ததா, தொடர்கிறதா? அரசியல்வாதியைத்தான் கேட்க வேண்டும்.

புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. குழு வேறு, குழுவினர் வேறு. பெயரும் பாட்டுகளும் குழுவுக்கு, ஆட்கள் எல்லாம் குழுவினர். '2004 குழுவினர்' என்று எழுதுங்கள், புரியும். நிகழ்வைச் சொல்ல 'ஆள் மாற்றம்' போதும், கொஞ்சம் மரியாதையாக வேண்டுமென்றால் 'உறுப்பினர் மாற்றம்'. '2010ல் குழு அப்படியே இருந்தது, தொடக்கக் குழுவினர் யாரும் இல்லை' என்ற வாக்கியத்தை 'வரிசை' வைத்து எழுதிப் பாருங்கள், நடக்காது.

அகராதியில் முதலில் கிடைக்கிற பொருளைப் பிடுங்கி ஒட்டுவதுதான் நம் மொழிபெயர்ப்பாளர்களின் வியாதி. 'கிளாசிக் லைன்-அப்' என்பதை 'செவ்வியல் வரிசை' ஆக்கியவரும் இருக்கிறார், ஏதோ சங்க இலக்கியப் பதிப்பு போல. அண்டர்ஓத்தின் இசைவகையான போஸ்ட்-ஹார்ட்கோரில், 'பின்' என்ற பொருளில் உள்ள போஸ்ட்டை 'அஞ்சல்' ஆக்கும் கருவிகளைப் பற்றிப் பேசினால் பொழுது போய்விடும். அந்த இசை 1980களில் வாஷிங்டன் பக்கம் ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக்கிலிருந்து கிளைத்தது, பெயரை அப்படியே போஸ்ட்-ஹார்ட்கோர் என்று எழுதிவிடலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது.

இன்னொரு சிக்கல், 'ஒரிஜினல் லைன்-அப்'. அண்டர்ஓத் 2013ல் கலைந்து 2015ல் மறுபடி கூடியபோது கில்லெஸ்பியும் திரும்பினார், ஒரிஜினல் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் குதித்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது 2004 ஆட்கள். அதைத் தமிழில் 'தொடக்கக் குழுவினர்' என்று எழுதினால் பொய். டெய்லர் அதில் இல்லை, சேம்பர்லின் 1997ல் இல்லை. 'பழைய குழுவினர்' என்று எழுதினால் சரி.