லாஸ்லெஸ் பாட்டு கடைசி ஒரு மீட்டரில் தொலைகிறது

சிடியில் ஒரு நொடி இசை என்பது இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் தலா 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றும் 16 பிட். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். நாலு நிமிடப் பாட்டுக்கு 42 எம்பி. அதே பாட்டை 320 கிலோபிட்டில் சுருக்கினால் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். மிச்சம் 32 எம்பி எங்கே போனது?

சுருக்குவதில் இரண்டு வகை. ஃபிளாக் போன்ற லாஸ்லெஸ் முறைகள், அடுத்த அளவீடு என்னவாக இருக்கும் என்று முந்தையவற்றை வைத்து ஊகித்து, ஊகம் எவ்வளவு பிசகியது என்பதை மட்டும் எழுதிவைக்கும். கோப்பு ஏறக்குறையப் பாதியாகும், விரித்தால் ஒரு பிட்கூட மாறாது. எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் வகையறா அப்படியல்ல. தவில் முழங்கும்போது பக்கத்து ஆள் பேச்சு காதில் விழாது இல்லையா, அதுமாதிரி உரத்த ஒலியால் மூடப்படும் மெல்லிய ஒலிகளுக்குப் பிட் ஒதுக்காமல் விட்டுவிடும்.

இது சறுக்கும் இடம் ஜால்ரா. எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடுகிறது. ஒரு சட்டகம் 1,152 அளவீடு, அதாவது சுமார் 26 மில்லிநொடி. துண்டின் நடுவே ஜால்ரா 'சிங்' என்று விழுந்தால், சுருக்கியதால் வரும் பிழை இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும். அடி விழும் முன்பே மெலிதாக ஒரு 'ஸ்ஸ்'. இதைத் தவிர்க்கத்தான் நல்ல என்கோடர்கள் இப்படிப்பட்ட இடங்களில் துண்டைச் சிறிதாக்குகின்றன. 128 கிலோபிட்டில் பழகாத காதுக்கும் இது பிடிபடும். 320-ல் பெரும்பாலானோருக்குப் பிடிபடாது.

இப்போது பாட்டு வந்துசேரும் இணையக் குழாய் பெரிதாகிவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் லாஸ்லெஸ் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் சந்தா கட்டினால் மட்டும் போதாது. வைஃபை, மொபைல் டேட்டா, டவுன்லோடு மூன்றுக்கும் தரத்தைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு கருவியிலும் தனியாக வேறு. 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டால், சிக்னல் மங்கும்போது தரமும் சத்தமில்லாமல் இறங்கும்.

அடுத்த ஓட்டை புளூடூத். போனுக்கு வந்த ஃபிளாக்கை விரித்து, மறுபடியும் சுருக்கித்தான் ஹெட்போனுக்கு அனுப்புகிறது. இந்தச் சுருக்கும் முறைகளில் எஸ்பிசி வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரை. எல்டேக் 330, 660, 990 என மூன்று படி. உச்சப் படிகூடச் சிடியின் 1,411-ஐத் தொடாது. ஐபோனில் எல்டேக்கே கிடையாது, ஏஏசிதான். ஆண்ட்ராய்டில் 'பில்டு நம்பர்' மேல் ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் 990-ஐப் பிடித்து வைக்கலாம். கூட்டமான ரயிலில் பாட்டு விட்டு விட்டு வந்தால் 660-க்கு இறக்குங்கள். 990-க்கு அங்கே காற்றில் இடம் போதாது. புளூடூத் இயர்பட்ஸ் மட்டுமே வைத்திருப்பவர் லாஸ்லெஸ்ஸுக்காகக் கூடுதல் பணம் கட்டுவது வீண் என்பதே என் கருத்து.

ஒயர் ஹெட்போனுக்கு டைப்-சி டாங்கிள் வாங்கும்போது உள்ளே டேக் சிப் (எண்களை ஒலி மின்னலையாக மாற்றுவது) இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவு டாங்கிள்கள் வெறும் ஒயர் இணைப்பு. பல போன்களில் சத்தமே வராது. 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு மயங்க வேண்டாம். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே, அதாவது நொடிக்கு 44,100 அளவீட்டிலேயே, 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி முழுசாகப் பதிந்துவிடும், மனிதக் காதின் எல்லையோ 20.

வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்க, ஒரே கோப்பை ஃபிளாக், 320 எம்பி3 இரண்டிலும் வைத்து, ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளின் ஏபிஎக்ஸ் கருவியில் எது எது என்று பார்க்காமல் 16 முறை கேளுங்கள். 12 சரியென்றால் குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒலியளவு இரண்டிலும் ஒன்றாக இருப்பது முக்கியம்: அரை டெசிபல் கூடினாலே காது அதைத்தான் 'தெளிவு' என்று சொல்லும்.

பிட்ரேட்டைவிடப் பெரிய வித்தியாசம் மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வதில், இருக்கிறது. பழைய ஆல்பங்களைப் புதிதாக மாஸ்டர் செய்யும்போது, மெல்லிய இடங்களைத் தூக்கி உச்சங்களை நசுக்கி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் ஆக்கிவிடுவது உண்டு. ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவதால், -8-இல் வந்த பாட்டு 6 டெசிபல் இறங்கும். சத்தம் குறையும், நசுங்கியது நிமிராது. லாஸ்லெஸ் அந்த நசுங்கலையும் ஒரு பிட் விடாமல் கொண்டுவந்து சேர்க்கும். ஆல்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'ரீமாஸ்டர்' என்று ஆண்டு போட்டிருந்தால், பழைய பதிப்பும் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். சமப்படுத்தும் வசதியை இயக்கி வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், மிருதங்கத்தின் அடி எதில் எழும்புகிறது என்று சாதாரண ஹெட்போனிலேயே தெரிந்துவிடும்.