லிங்க் டவுன் என்றால் எது டவுன்?

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் போனால் பேச்சு தமிழ், மின்கம்பம் கேரள மின்வாரியத்துடையது. பாலக்காட்டிலிருந்து ஃபைபர் எடுத்த ஒருவரும் பொள்ளாச்சியிலிருந்து எடுத்த ஒருவரும், இரண்டு கேபிள் ஆபரேட்டர்கள், இங்கே கூட்டுச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் எக்செல்லில் கம்பம் கம்பமாக எழுதி வைத்திருக்கிறார். இன்னொருவரிடம் இருப்பது எந்த ஓஎல்டியின் (ஆபரேட்டர் பக்கத்திலிருந்து வீடுகளுக்கு ஒளி அனுப்பும் கருவி) எந்த போர்ட்டில் எத்தனை வீடு என்ற கணக்கு. வாட்ஸ்அப்பில் "வேலந்தாவளம் லிங்க் டவுன்" என்று செய்தி வந்தால் ஒருவர் கம்பி அறுந்ததாக நினைத்து ஏணியைத் தேடுவார். மற்றவர் லேப்டாப்பைத் திறந்து போர்ட்டைப் பார்ப்பார்.

இரண்டு கணக்கையும் ஒன்றாக்கும் முன்பு எதை என்னவென்று எழுதுவது என்று பேசி முடிக்க வேண்டும். அந்த உடன்பாட்டுக்குப் பெயர்தான் ஸ்கீமா. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2018 மார்ச்சில் இதற்கென்றே ஆர்எஃப்சி 8345 என்ற ஆவணத்தை வெளியிட்டது. அதன் அடிப்படை ரொம்பச் சின்னது: நெட்வொர்க், அதற்குள் நோட்கள் (கருவிகள் மாதிரியான புள்ளிகள்), நோட்டில் இணைப்பு வந்து சேரும் முனை, இரண்டு முனைகளைச் சேர்க்கும் லிங்க். ஐபி முகவரி மாதிரியான விவரம் எதுவும் கிடையாது. வேண்டியவர்கள் மேலே சேர்த்துக்கொள்ளலாம். ஆர்எஃப்சி 8346, 8944 இரண்டும் அப்படி மேலே சேர்ந்தவைதான். நல்ல முடிவு என்பேன். முதல் நாளே நாற்பது கட்டம் வைத்தால் முப்பதை யாரும் நிரப்பப் போவதில்லை.

நம் இரண்டு ஆபரேட்டர்களுக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

லிங்க்: எல்-0417
பெயர்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம்
தொடக்கம்: என்-031, போர்ட் 3
முடிவு: என்-044, போர்ட் 1
தாங்குவது: கேபிள்-12, இழை 5

8345-இல் லிங்க் ஒரு திசைக்குத்தான். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பதிவு வேண்டும். வெட்டி வேலையாகத் தோன்றும். ஆனால் வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் ஜிபான் முறையில் ஒரே இழையில் வீட்டுக்குப் போகும் ஒளி 1490 நானோமீட்டர், திரும்பி வருவது 1310. வீட்டுப் பெட்டியின் லேசர் மங்கினால் கெடுவது வரும் வழி மட்டும்தான். அதை எழுத இடம் வேண்டுமே.

அப்புறம் ஸ்ப்ளிட்டர், ஒரு இழையின் ஒளியைப் பல இழைகளுக்குப் பிரிப்பது. லிங்க்குக்கு இரண்டு முனைதான். ஓஎல்டியின் ஒரு போர்ட்டோ 32 வீட்டுக்கும் 64 வீட்டுக்கும் பிரிகிறது. அதனால் ஸ்ப்ளிட்டரையே ஒரு நோட்டாக எழுதிவிடுவது நல்லது. அது கம்பத்தில் தொங்கும் டப்பா. கரண்ட் கிடையாது, ஐபி கிடையாது. நெட்வொர்க் சுவிட்சுகள் எல்எல்டிபி என்ற நெறிமுறை மூலம் பக்கத்துக் கருவியிடம் தம்மைச் சொல்லிக்கொள்ளும்; இது வாயே திறக்காது. கருவிகளைத் தானாகத் தேடும் மென்பொருளை மட்டும் நம்பி வரைந்த படத்தில் ஸ்ப்ளிட்டர் இருக்காது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் இது கருவி சொன்னதா, ஆள் எழுதியதா என்று ஒரு கட்டம் அவசியம். என்னைக் கேட்டால் தேதியும் வேண்டும்.

மேலே உள்ள பதிவில் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நெட்வொர்க்கை இன்னொரு நெட்வொர்க் தாங்குகிறது, ஒரு லிங்க்கைக் கீழே உள்ள லிங்க்குகள் தாங்குகின்றன என்று எழுத 8345 வழி வைத்திருக்கிறது. வேலந்தாவளத்துக்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்று போனாலும் மற்றது ஓடும் என்று சுவிட்ச் அடுக்கின் படம் காட்டும். கீழ் அடுக்குக்கு இறங்கினால் இரண்டு லிங்க்கும் கொஞ்ச தூரத்துக்கு அதே கேபிள்-12-இல் வெவ்வேறு இழைகளாகப் போவது தெரியும். இரண்டு பஸ் ரூட் ஒரே பாலத்தைக் கடக்கிற கதைதான். இதைக் கண்டுபிடிக்கச் சின்ன நிரல் போதும்: ஒவ்வொரு லிங்க்கையும் தாங்கும் கேபிள்களைப் பட்டியலிட்டு, இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெட்வொர்க்காரர்கள் இப்படிச் சேர்ந்து விழுபவற்றை எஸ்ஆர்எல்ஜி என்பார்கள். சரி, கேபிள் இரண்டு, கம்பம் ஒன்று என்றால்? லாரி இடித்தால் இரண்டும் போகும். அப்படியானால் கம்பத்துக்கும் ஓர் அடுக்கு வேண்டும். 2023-இல் தொடங்கிய, கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோனும் கேரள மின்வாரியத்தின் கட்டமைப்பை நம்பி ஓடுவதுதான். இந்தக் கேள்வி சின்ன ஆபரேட்டர்களோடு நிற்பதில்லை.

கம்பம் வந்தால் அதன் எண்ணும் வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு 14, அந்தப் பக்கம் ஒரு 14. அதனால்தான் மேலே எல்-0417, என்-031 என்று அர்த்தமில்லாத அடையாளங்கள். ஊர்ப் பெயர், கம்ப எண், போர்ட் எதையும் அடையாளத்துக்குள் நுழைக்கக் கூடாது. கம்பத்துக்குப் புது எண் அடித்தாலும், ஒருவர் கொழிஞ்சாம்பாறை என்றும் மற்றவர் கொழிஞ்சம்பாறை என்றும் எழுதினாலும் பெயர்க் கட்டம் மட்டும் மாறும். மற்ற பதிவுகள் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு அறாது.

ஸ்கீமாவும் மாறத்தான் செய்யும். 8345 எழுதப்பட்ட யாங் மொழியின் விதி இதில் கறார்: ஒரு முறை வெளியிட்ட கட்டத்தைக் காலாவதி என்று குறிக்கலாம், நீக்கக் கூடாது. எங்கோ ஒரு பழைய நிரல் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.