வாட்ச் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடலாமா?

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இப்போது உட்கார்ந்ததுமே கையை நீட்டி வாட்சைக் காட்டுகிறார்கள். "மேடம், காலையில நடந்ததுல 420 கலோரி போயிருக்கு. ரெண்டு வடை சாப்பிட்டா தப்பில்லையே?" எடை இறங்க மாட்டேன் என்கிறதே என்ற கவலையும் கூடவே வரும்.

வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. அடியில் மின்னும் பச்சை விளக்கை வைத்து, தோலுக்குக் கீழே ஓடும் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்து நாடித் துடிப்பை எண்ணுகிறது, அவ்வளவுதான். அந்தத் துடிப்போடு உங்கள் வயது, எடை, உயரத்தைச் சேர்த்துப் போடும் உத்தேசக் கணக்குதான் கலோரி. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 7 கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். துடிப்பைக் காட்டுவதில் 6 கருவிகள் 5 சதவீதத்துக்குள்தான் பிசகின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம்!

வெயில், தண்ணீர் குடிக்காதது, காபி, பதற்றம் என்று எதனாலும் துடிப்பு ஏறும். அதற்கேற்ற கலோரி செலவாகியிருக்காது. மார்பில் கட்டும் பட்டை துடிப்பை இன்னும் சரியாகப் பிடிக்கும், ஆனால் கலோரி அங்கேயும் உத்தேசம்தான்.

70 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால் சுமார் 200 கலோரி செலவாகும். அதிலும் 50 சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும். மிச்சத்தைச் சாப்பாட்டில் ஈடுகட்டப் போனால் எடை எப்படிக் குறையும்?

அதற்காக வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. அதே பாதையில் அதே வேகத்தில் நடக்கும்போது துடிப்பு மாதாமாதம் குறைந்து வருகிறதா என்று பாருங்கள். உடல் தேறுவதை அது நன்றாகவே காட்டும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் தரும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதுவும் பொருந்தாது. மருந்தே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். அதிகபட்சத் துடிப்பு இவ்வளவு என்று 220-லிருந்து வயதைக் கழித்துச் சொல்லும் கணக்கை இவர்கள் எட்டிப் பிடிக்க முயலவே கூடாது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். இன்சுலினும் போடுகிறவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரைகள் மறைத்துவிடும், வியர்வைதான் தெரியும். வழக்கத்துக்கு மாறாக வியர்த்துக் கொட்டினால் உடனே நின்று சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.