‘மஸ்ட் நாட்’ என்றால் ‘கூடாது’

“இந்த மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ வேண்டியதில்லை.” மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் இப்படி இருந்தது. அம்மா எந்த மாத்திரையையும் கரண்டிக் காம்பால் நுணுக்கித் தேனில் குழைத்துத்தான் விழுங்குவார். தடுத்தேன். “வேண்டியதில்லைன்னுதானே போட்டிருக்கு, கூடாதுன்னு போடலையே” என்றார். அவர் படித்தது சரி, தாள்தான் தவறு. இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடல்வரை போய்ச் சேரத்தான் அந்த மாத்திரைக்கு மேலுறை. பொடித்தால் உறை போயிற்று. ஆங்கிலப் பக்கத்தில் ‘மஸ்ட் நாட்’ என்றே இருந்தது.

‘மஸ்ட்’ பழைய ஆங்கில ‘மோட்டன்’ என்னும் வினையின் இறந்தகால வடிவிலிருந்து வந்தது. மோட்டன் என்றால் ‘செய்யலாம், அனுமதி உண்டு’. அது பிற்பாடு ‘செய்தாக வேண்டும்’ என்று இறுகியது. ‘நாட்’ சேர்ந்தால் மட்டும் பழைய வாடை போகவில்லை: அனுமதி இல்லை. நம் ‘கூடாது’ வந்த வழியும் இதுவே. கூடும் என்றால் இயலும். கூடாது என்பது முதலில் இயலாது, பிறகு விலக்கு. இதைவிட நல்ல இணை கிடைக்காது.

பிழைக்கு விதை, வகுப்பறைச் சுவரில் தொங்கும் அட்டவணை. ‘மஸ்ட் – கட்டாயம், ஷுட் – வேண்டும், மே – லாம்.’ இதை மனப்பாடம் செய்தவர் எதிர்மறை வந்ததும் ‘கட்டாயமில்லை’ என்று எழுதுகிறார். கொஞ்சம் நயமாக எழுதுபவர் ‘வேண்டியதில்லை’ என்கிறார். இரண்டுமே ‘டோன்ட் ஹேவ் டு’வுக்கு உரியவை. ‘யூ மஸ்ட் கோ’, ‘யூ ஹேவ் டு கோ’ இரண்டையும் ‘போக வேண்டும்’ என்றே சொல்லிவிடலாம். எதிர்மறையில் ஒன்று போகக் கூடாது, மற்றது போக வேண்டியதில்லை. ஒன்று கதவை அடைக்கிறது, மற்றது திறந்துவிடுகிறது.

‘கட்டாயம்’ என்ற சொல்லே எனக்கு இங்கே ஒட்டவில்லை. கட்டாயக் கல்வி, கட்டாயத் திருமணம் என்னும்போது வெளியிலிருந்து ஒரு கை பிடித்துத் தள்ளுகிறது. ‘மஸ்ட்’டில் பெரும்பாலும் பேசுபவரின் வற்புறுத்தல்தான் இருக்கும், வெளியிலிருந்து வரும் விதிக்கு ஆங்கிலமே ‘ஹேவ் டு’வைத்தான் அதிகம் நாடுகிறது. ‘நீங்கள் ஒருநாள் வீட்டுக்கு வந்தே ஆகணும்’ என்ற அன்பான ‘மஸ்ட்’டுக்கு நம் ஏகாரமே போதும்.

படங்களின் வசனவரிகளைப் படித்தால் இன்னும் வயிறு எரிகிறது. நெடும்பயணம் முடித்து வாசலில் நிற்பவரிடம் ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்று பரிவோடு கேட்கிறார்கள். கீழே ‘நீங்கள் கட்டாயம் களைப்பாக இருக்க வேண்டும்’ என்று ஓடுகிறது. அது ஊகம், ஆணை அல்ல. நம் வீட்டு வாசலில் அதையே எப்படிச் சொல்வோம்? ‘களைச்சுப் போயிருப்பீங்க, உள்ளே வாங்க.’