மணலில் எழுதிய விரல்

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெல்லாரி. காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம்: பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் பிந்தி வர வர ஒவ்வொரு அடி கூடும். 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல், உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ கேட்டதற்கிணங்க அனுப்பிய அறிக்கையில் இதை எழுதியிருக்கிறார்.

ஐந்து வயதில் சேரும் பிள்ளை தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதும். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். நம் திண்ணைப் பள்ளிகளிலும் இப்படித்தான். மணலுக்குக் காசு வேண்டாம் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. எழுத்தாணி கீறியதை அழிக்க முடியாது. மணலிலோ உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் தப்பு போய்விடும். ஒரே எழுத்தைப் பயமில்லாமல் நூறு முறை எழுதலாம். வாய் சொல்ல, கண் பார்க்க, விரல் அந்தச் சுழியை வளைத்து வரைகிறது. கையால் எழுதிப் பழகும் குழந்தைகளுக்கு எழுத்துகள் நன்றாகப் பிடிபடுகின்றன என்று இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன.

சரி, பல வயதுப் பிள்ளைகளை ஒரே வாத்தியார் எப்படிச் சமாளித்தார்? சட்டாம்பிள்ளையை வைத்துத்தான். படித்த பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் பாடத்தை நினைவிலிருந்து எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். அப்படி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு உறுதிப்படும். சின்னவன் கேள்வி கேட்டுத் திணறடித்தால், தனக்கு எது தெரியாது என்பதும் பெரியவனுக்கு விளங்கும்.

1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். இல்லத்து ஆசிரியர்கள் அதைச் செய்து பார்க்க மறுக்கவே, ஒரு சிறுவனையே சின்ன வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது. மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று கேம்பெல்லும் எழுதினார்.

குறையும் இருந்தது. பிள்ளைகள் பொருள் புரியாமலே செய்யுள்களை ஒப்பித்தார்கள் என்று அவரே வருந்துகிறார். ஒப்பிப்பதைச் சரிபார்க்க ஒரு சிறுவன் போதும். பொருளை விளக்க அவனால் முடியாது. பள்ளியில் பெண் குழந்தைகளும் மிகச் சிலரே.

கேம்பெல்லின் அதே அறிக்கையில் மனதைப் பிசையும் ஒரு பகுதி உண்டு. ஐரோப்பியத் துணி வந்து குவிந்ததில் நெசவுக் குடும்பங்கள் நொடித்துப்போயின. நடுத்தர, ஏழை வீடுகளில், பிஞ்சுக் கைகால்கள் சிறு வேலைக்குத் தாங்கும் என்றானதுமே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். முன்பு பள்ளிக்கூடம் இருந்த பல ஊர்களில் அப்போது ஒன்றுகூட இல்லை. மெட்ராஸ் முறைப் பள்ளிகள் இங்கிலாந்தில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது.